லூசிக்குக் கேட்ட சிரிப்பு ஒட்டவைத்தது அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பழைய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்கள் பற்றி வந்த கட்டுரையில் 'ஐ லவ் லூசி'க்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தது மனதுக்கு நிறைவாக இருந்தது. அமெரிக்காவில் 1951 அக்டோபர் 15 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கி 1957 வரை ஓடிய தொடரைத் தமிழ் வாசகர்களுக்கு நினைவூட்டியதற்கு நன்றி. ஆனால் அந்தப் பத்தியில் இருந்த இரண்டு செய்திகள் சரியல்ல. சிரிப்பொலி முழுவதும் பின்னால் ஒட்டவைத்தது என்று எழுதியிருந்தது. லூசியாக நடித்த லூசில் பாலின் முகச்சேட்டைதான் தொடரின் ஒரே பலம் என்றும் எழுதியிருந்தது. இரண்டுமே அந்தத் தொடரை உருவாக்கியவர்களின் உழைப்பை மறைத்துவிடுகின்றன.

முதலில் சிரிப்பொலி. தொடக்க ஆண்டுகளில் ஹாலிவுட்டில் ஜெனரல் சர்வீஸ் ஸ்டுடியோவின் இரண்டாம் எண் தளத்தில், செட்டுக்கு எதிரே படிப்படியாக இருக்கைகள் போட்டு, சுமார் 300 பேரை உட்காரவைத்துத்தான் தொடரைப் படமாக்கினார்கள். அவர்கள் தலைக்கு மேலே தனி மைக்குகள் தொங்கின. பல நாள் ஒத்திகைக்குப் பிறகு ஒரே மாலையில், கதை வரிசைப்படி, மேடை நாடகம் போலவே நடித்து முடித்துவிடுவார்கள். லூசில் பாலின் நிஜக் கணவரும் தொடரில் லூசியின் கணவர் ரிக்கியாக வந்தவருமான டெசி ஆர்னாஸ், படப்பிடிப்புக்கு முன்பு தானே வந்து ரசிகர்களிடம் பேசி அவர்களைத் தயார்ப்படுத்துவார். கூர்ந்து கேட்டால் சில காட்சிகளில், ஏதோ விபரீதம் வரப்போகிறது என்று தெரிந்ததும், ஒரு பெண் குரல் "அடடா" என்கிற தொனியில் பதறுவது கேட்கும். அது ரசிகர்களோடு உட்கார்ந்திருந்த லூசில் பாலின் தாயாரின் குரல்.

நிஜச் சிரிப்பையும் இயந்திரச் சிரிப்பையும் காதாலேயே பிரித்துவிடலாம். கூட்டம் சிரிக்கும்போது சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கும். நான்கைந்து பேர் முந்திக்கொள்வார்கள், மற்றவர்கள் பின்னால் சேருவார்கள். அடங்கும்போதும் ஒரே சீராக அடங்காது. யாரோ ஒருவர் மட்டும் விடாமல் இழுத்துக்கொண்டிருப்பார். எல்லாவற்றையும்விட முக்கியமான அடையாளம், நிஜச் சிரிப்பு சில சமயம் நகைச்சுவைக்கு முன்பே வந்துவிடும். அடுத்து என்ன நடக்கும் என்று ரசிகர் ஊகித்துவிட்டதால் வரும் சிரிப்பு அது. ஒட்டவைத்த சிரிப்பு ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் ஒரே அளவில் எழுந்து ஒரே அளவில் விழும். 'ஐ லவ் லூசி'யில் எந்தப் பகுதியை வேண்டுமானாலும் போட்டுக் கேளுங்கள், முன்னால் வரும் அந்தச் சிரிப்பு ஒருமுறையாவது காதில் விழும்.

அது எப்படி வருகிறது என்பதற்கு 1952 செப்டம்பர் 15 அன்று ஒளிபரப்பான பகுதியைவிட நல்ல உதாரணம் கிடையாது. எல்லோரும் சாக்லேட் தொழிற்சாலைக் காட்சிக்காக மட்டும் நினைவில் வைத்திருக்கும் பகுதி அது. சம்பாதிப்பது கஷ்டமா, வீட்டைக் கவனிப்பது கஷ்டமா என்று சண்டை வந்து, ஆண்கள் வீட்டு வேலைக்கும் பெண்கள் வெளி வேலைக்கும் மாறிக்கொள்கிறார்கள். சமையலறையில் ரிக்கியும், அதே கட்டடத்தில் வசிக்கும் வீட்டுச் சொந்தக்காரர் ஃப்ரெட்டும். நான்கு பேர் சாப்பாட்டுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று யோசித்து, ஆளுக்கு ஒரு பவுண்டு என்று ரிக்கி கணக்குப் போடுகிறார். நான்கு பவுண்டு என்றால் சுமார் 1.8 கிலோ. அரிசி வெந்தால் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகும், அதாவது ஐந்து கிலோவுக்கு மேல் சோறு. நான்கு பேருக்கு உலை வைத்துப் பழகிய எவருக்கும் அந்தக் கணக்கு காதில் விழுந்த உடனேயே சிரிப்பு வந்துவிடும். பானை பொங்கி அடுப்பில் வழியும் வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. பக்கத்தில் பிரஷர் குக்கரில் கோழி வேறு. அதன் கதி என்ன ஆகும் என்பதைச் சொல்லவே வேண்டாம், குக்கர் புழங்கும் நம் வீடுகளுக்கு அது நன்றாகவே தெரியும்.

எழுத்தாளர்கள் ஜெஸ் ஓப்பன்ஹைமர், மேட்லின் பியூ, பாப் கரோல் ஜூனியர் மூவரின் கைத்திறன் இதுதான். விபத்துக்கான காரணத்தை விபத்துக்கு முன்பே ரசிகர் கையில் கொடுத்துவிடுவார்கள். பாத்திரத்துக்குத் தெரியாது, பார்ப்பவருக்குத் தெரியும். நடுவில் இருக்கும் அந்த ஒரு நிமிடம்தான் சிரிப்பு ஊறும் நேரம்.

இப்போது தொழிற்சாலைக்கு வருவோம். லூசியும், ஃப்ரெட்டின் மனைவியும் லூசியின் தோழியுமான எத்தலும் கன்வேயர் பெல்ட்டின் முன்னால் நிற்கிறார்கள். பெல்ட்டில் வரும் சாக்லேட்டைக் காகிதத்தில் சுற்றி மறுபடி பெல்ட்டிலேயே வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. சுற்றாத ஒன்று அடுத்த அறைக்குப் போனாலும் வேலை போய்விடும் என்று மேற்பார்வையாளர் கறாராகச் சொல்லிவிட்டுப் போகிறார். விதி ஒரே வாக்கியத்தில் முடிந்தது. இனி காட்சி முழுக்க விளக்கமே தேவையில்லை.

அந்தக் காட்சியைப் படிப்படியாகக் கவனித்துப் பாருங்கள். முதலில் பெல்ட் மெதுவாக ஓடுகிறது. இருவரும் ஒழுங்காகச் சுற்றுகிறார்கள், இது ஒரு வேலையா என்று பேசிக்கொள்கிறார்கள். இந்தச் சில விநாடிகளை வெட்டிவிட்டால் காட்சியே செத்துப்போகும், ஏனென்றால் சரியாக நடக்கும் வேகம் எது என்று நம் கண் பழகுவது இங்கேதான். பிறகு வேகம் கூடுகிறது. காகிதம் அரைகுறையாகச் சுற்றப்படுகிறது. அடுத்து, சுற்ற முடியாததை எடுத்து ஒதுக்கி வைக்கிறார்கள். ஒதுக்க இடமில்லாமல் போனதும் வாய்க்குள் போடுகிறார்கள். வாய் நிரம்பியதும் மேற்பார்வையாளர் வரும் சத்தம் கேட்க, மீதியைத் தொப்பிக்குள்ளும் சட்டைக்குள்ளும் திணிக்கிறார்கள். அவர் வந்து பார்க்கும்போது பெல்ட் காலியாக இருக்கிறது. வேலை பிரமாதமாக நடக்கிறது என்று மகிழ்ந்து, இன்னும் வேகத்தைக் கூட்டச் சொல்லிக் குரல் கொடுக்கிறார்.

இந்தத் திருப்பத்தை எத்தனை முறை பாராட்டினாலும் தகும். அவர்கள் தோற்றதற்குத் தண்டனை வரவில்லை, ஒளித்ததில் ஜெயித்ததற்குத்தான் தண்டனை வருகிறது. இதற்கும் முகச்சேட்டைக்கும் சம்பந்தமே இல்லை. காகிதத்தில் எழுதும்போதே சிரிப்பு அங்கே இருக்கிறது. கடைசியில் சமாதானம் பேச வரும் கணவர்கள் பெண்களுக்குக் கொண்டுவரும் பரிசு ஆளுக்கு ஐந்து பவுண்டு சாக்லேட் பெட்டி.

முகத்துக்கு வேலையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. லூசில் பால் மாதிரி ஒரு நடிகை கிடைப்பது அபூர்வம். ஆனால் அவர் முகம் எப்போது அசைய வேண்டும் என்பதுகூட எழுத்தில் இருந்தது. உடல் நகைச்சுவைக்கான குறிப்புகள் அனைத்தும் கையெழுத்துப் பிரதியில் தனியாகத் தெரியும்படி முழுக்கப் பெரிய எழுத்துகளில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். ஒரு சாகசத்தைப் பெண் ஒருவரால் உண்மையில் செய்ய முடியுமா என்று மேட்லின் பியூ முதலில் தானே செய்துபார்த்துவிட்டுத்தான் எழுத்தில் வைப்பார்.

1952 மே 5 அன்று வந்த விளம்பரப் பகுதி இதற்குச் சாட்சி. 'வைட்டமீட்டவெஜமின்' என்ற சத்து மருந்தை லூசி தொலைக்காட்சியில் விளம்பரம் செய்ய வேண்டும். ஒரு பேச்சை ஒப்பித்து, ஒரு கரண்டி மருந்து குடித்து, ஆகா என்று சிரிக்க வேண்டும். மருந்தில் 23 சதவீதம் மதுசாரம். நமக்குத் தெரியும், லூசிக்குத் தெரியாது. ஒவ்வொரு ஒத்திகைக்கும் ஒரு கரண்டி உள்ளே போகிறது.

இங்கே நுட்பம் எங்கே என்றால், முதல்முறை அவர் பேச்சைத் துளி பிசகாமல், நிதானமாக, தெளிவாகச் சொல்கிறார். ரசிகருக்கு அந்தப் பேச்சு மனப்பாடம் ஆக வேண்டும். ஆகாவிட்டால் பின்னால் வரும் நாக்குழறல் எதுவும் எடுபடாது. சரியான சொல் காதில் இருந்தால்தானே தப்பான சொல் தப்பாகத் தெரியும்! மருந்தைக் குடிக்கும் முகமும் இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. முதல் கரண்டிக்கு உடம்பே உலுக்கி எடுக்கிறது, சிரிப்பை வலிந்து வரவழைக்கிறார். கரண்டி ஏற ஏற முகச்சுளிப்பு குறைகிறது, கடைசியில் மெய்யாகவே ருசித்துக் குடிக்கிறார். பேச்சு சிதையச் சிதைய, விளம்பரத்துக்குத் தேவையான அந்த ஒரு புன்னகை மட்டும் நிஜமாகிக்கொண்டே வருகிறது. படப்பிடிப்பில் அவர் குடித்தது ஆப்பிள் பெக்டின். அந்த வரிசை மாறிவிடக் கூடாது என்பதற்காக, தொடரின் நிஜ ஸ்கிரிப்ட் உதவியாளரையே காட்சியிலும் ஸ்கிரிப்ட் உதவியாளராக நிறுத்திவைத்தார்கள்.

டப்பிங் செய்பவர்கள் தடுமாறும் இடமும் இதுதான். குழறலை மட்டும் மொழிபெயர்த்தால் சிரிப்பு வராது. முதல் முறை வரும் ஒழுங்கான பேச்சைத் தமிழில் எதுகை மோனையோடு, ஒரே மூச்சில் நெஞ்சில் பதியும்படி எழுத வேண்டும். அதை உடைத்தால்தான் தமிழில் சிரிப்பு விழும்.

இனி, கட்டுரை தொடவே தொடாத விஷயத்துக்கு வருகிறேன். 70 ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தத் தொடர் இவ்வளவு துல்லியமாகத் தெரிவது எப்படி? 1951-இல் அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சிகளில் பல நியூயார்க்கில் இருந்து நேரலையாக வந்தவை. நேரலை போக முடியாத ஊர்களுக்கு, தொலைக்காட்சித் திரையைப் பார்த்தே படம்பிடித்த 'கினஸ்கோப்' பிரதியை அனுப்புவார்கள். அது மங்கலாக, விளிம்பெல்லாம் கரைந்து தெரியும். லூசியும் டெசியும் ஹாலிவுட்டை விட்டுப் போக மறுத்தார்கள். பார்வையாளர்களோ பெரும்பாலும் கிழக்குப் பகுதியில். அவர்களுக்கு மங்கல் பிரதியைக் காட்ட விளம்பரதாரரான சிகரெட் நிறுவனம் ஒப்பவில்லை. ஒரே வழி, சினிமாவைப் போல 35 மி.மீ. ஃபிலிமில் எடுப்பது. கூடுதல் செலவை ஈடுகட்டத் தம்பதியர் தங்கள் வாரச் சம்பளத்தில் 1,000 டாலரைக் குறைத்துக்கொண்டார்கள். பதிலுக்கு அந்தப் படச்சுருள்களின் உரிமை அவர்களுக்கு வந்தது. மறுஒளிபரப்பு என்பது ஒரு பெரிய வியாபாரம் ஆகும் என்று பலரும் எண்ணியிராத காலம் அது. 1957-இல் சிபிஎஸ் அந்த உரிமையைப் பல லட்சம் டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கியது.

ஃபிலிம் என்றதும் வேறு சிக்கல் முளைத்தது. சினிமாவில் ஒரு கேமரா போதும். தூரக் காட்சி எடுத்துவிட்டு, விளக்கை மாற்றி வைத்து, அதே நடிப்பைத் திரும்பச் செய்யவைத்து க்ளோஸ்-அப் எடுப்பார்கள். எதிரே 300 பேர் உட்கார்ந்திருக்கும்போது அது நடக்காது. ஒரே நகைச்சுவையை இரண்டாம் முறை செய்தால் எவர் சிரிப்பார்? எனவே மூன்று கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓட வேண்டியதாயிற்று. நடுக் கேமராவில் 40 மி.மீ. லென்ஸ், முழுக் காட்சிக்கு. இரு பக்கத்திலும் மூன்று முதல் நான்கு அங்குல லென்ஸ், முகங்களுக்கு.

தூரத்துக்கு வைக்கும் விளக்கு வேறு, அண்மைக்கு வைக்கும் விளக்கு வேறு என்பதுதான் சினிமா வழக்கம். மூன்றும் ஒன்றாக ஓடினால் எதற்கு வைப்பது? தரையில் விளக்கு நிறுத்தினாலோ கேமரா நகர இடமில்லை, ரசிகர்களுக்கும் மறைக்கும். இதற்குத் தீர்வு கண்டவர் கார்ல் ஃப்ராயிண்ட். ஜெர்மனியில் மௌனப்பட காலத்திலேயே பெயர்பெற்று, பின்னர் ஹாலிவுட்டில் ஆஸ்கரும் வாங்கிய ஒளிப்பதிவாளர். விளக்குகளை மேலே ஏற்றித் தொங்கவிட்டு, செட் முழுக்க ஒரே சீரான வெளிச்சம் பாயவைத்தார். மேலிருந்து வரும் வெளிச்சத்தால் கண்குழியும் தாடையும் நிழலடிக்கும். அதைப் போக்க ஒவ்வொரு கேமராவின் லென்ஸுக்கு மேலேயும் ஒரு சிறு விளக்கைப் பொருத்தினார். அக்காலத் தொலைக்காட்சிப் பெட்டி கறுப்பு வெள்ளை வித்தியாசத்தை மிகைப்படுத்திக் காட்டும். ஆகவே செட்டின் சுவர், சாமான், உடை எல்லாவற்றையும் சாம்பல் நிறத்தின் பல சாயல்களிலேயே அமைத்தார். லூசி முகத்தின் ஒரு சின்னச் சுழிப்புகூட இன்றைக்கும் நமக்குத் தப்பாமல் கிடைக்கிறதே, அதற்கு இந்த மனிதருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

எடிட்டிங் மேசையில் மூன்று படச்சுருள்களையும் ஒலிச்சுருளையும் சேர்த்து ஓட்ட ஒரு தனி மூவியோலா, அதாவது படச்சுருளை ஓட்டிப் பார்த்து வெட்டி ஒட்ட உதவும் கருவி, செய்யப்பட்டது. மூன்று படத்துக்கு மூன்று தலை, ஒலிக்கு ஒன்று. எடிட்டர் டான் கானும் அவருடைய ஆட்களும் அதற்கு 'மூன்று தலைப் பூதம்' என்ற பொருளில் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. இன்று இந்தத் தொடரை முதன்முறையாகப் பார்க்கும் இளையவர்கள் சிலர் "இதில் என்ன சிரிப்பு" என்று கேட்பதற்குக் குறை பெரும்பாலும் தொடரில் இல்லை. அவர்கள் பார்க்கும் விதத்தில் இருக்கிறது.

முதல் குறை, சட்டகம். தொடர் எடுக்கப்பட்டது 4:3 அளவில். இன்றைய அகலத்திரையில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுகிறதே என்று 'ஜூம்' போட்டால், படத்தின் உயரத்தில் கால் பங்கு காணாமல் போகும். சாக்லேட் காட்சியில் மேலே இருப்பது தொப்பி, கீழே ஓடுவது பெல்ட். ஒளித்துவைக்கும் இடமும் ஒளிக்க வேண்டிய பொருளும் வெட்டுப்பட்டால் மிச்சம் இருப்பது இரண்டு முகங்கள்தான். முகச்சேட்டை மட்டுமே தெரிந்தது என்று கட்டுரையாளர் எழுதியதற்கு இதுவே காரணமாகவும் இருக்கலாம். ரிமோட்டில் பட அளவை 4:3 அல்லது 'ஒரிஜினல்' என்று மாற்றிவிடுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதி தொலைக்காட்சியில் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். விநாடிக்கு 24 பிரேமில் எடுத்த படத்துக்கு நடுவே கருவி இட்டுக்கட்டிய பிரேம்களைச் செருகினால் வேகமான கையசைவு குழைந்துபோகும்.

இரண்டாவது, வெட்டு. பின்னாளில் விளம்பர நேரம் பெருகியதால் மறுஒளிபரப்புப் பிரதிகளில் சில நிமிடங்கள் நறுக்கப்பட்டன. விதியைச் சொல்லும் இடம் அதில் போய்விட்டால் சிரிப்பும் போய்விடும். இணையத்தில் உலவும் இரண்டு நிமிடத் துண்டுகளில் நிலைமை இன்னும் மோசம். பின்னால் நான் சொல்லப்போகும் டேங்கோ நடனக் காட்சியில் முட்டை உடைவது மட்டும் இருக்கும், முட்டை ஏன் சட்டைக்குள் வந்தது என்பது இருக்காது. முழுப் பகுதியாக வெளிவந்துள்ள டிவிடி பிரதியையே தேடிப் பாருங்கள். பட்டுத்துணி மேல் இதயம் வரும் தலைப்புக்கூட மறுஒளிபரப்புக்காகச் சேர்த்தது. முதலில் வந்தது குச்சி மனிதர்கள் ஆடும் கார்ட்டூன்.

மூன்றாவது, சிரிப்பொலியை நீக்கிய பிரதிகள். இதைச் செய்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நடிகர்கள் அந்தச் சிரிப்புக்காக நிறுத்தி நிறுத்திப் பேசியிருக்கிறார்கள். நம் சபா நாடகங்களில் நடிப்பவர்களுக்கு இது அத்துப்படி. சிரிப்பு முழுவதும் அடங்கும்வரை காத்திருந்தால் காட்சி தொய்யும், உச்சியில் பேசினால் வசனம் மூழ்கும். இறங்கத் தொடங்கியதும் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒலியை எடுத்துவிட்டால் அந்த இடைவெளிகள் வசனம் மறந்து விழித்துக்கொண்டு நிற்பதைப் போல ஆகிவிடும்.

வண்ணம் ஏற்றிய பிரதிகளும் 2013 முதல் சிபிஎஸ்ஸில் சிறப்பு நிகழ்ச்சிகளாக வந்திருக்கின்றன. குழந்தைகளை உட்காரவைக்க அவை உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் சாம்பல் நிறத்துக்கென்றே யோசித்து அமைத்த செட்டை அந்தச் சாம்பல் நிறத்தில் பார்ப்பதுதான் எனக்கு உகந்ததாகப் படுகிறது.

லூசிக்குக் குழந்தை பிறக்கும் பகுதியைப் பற்றி ஒரு வார்த்தை. 1953 ஜனவரி 19 அன்று ஏறத்தாழ 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தது. 'கர்ப்பம்' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லைத் தொடரில் பயன்படுத்த அனுமதி கிடைக்கவில்லை. 'முழுகாமல் இருக்கிறாள்' என்று நாம் சொல்வதைப் போல நாசூக்கான சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். அதிலும் பழைய முறையேதான். ரிக்கி, ஃப்ரெட், எத்தல் மூவரும் யார் டாக்டருக்குப் போன் செய்வது, யார் பெட்டி எடுப்பது என்று அமைதியாக ஒத்திகை பார்க்கிறார்கள். நேரம் வந்ததும் எல்லாம் தலைகீழாகி, லூசியை விட்டுவிட்டே வெளியே ஓடுகிறார்கள்.

முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் 1957 மார்ச் 11 அன்று வந்த டேங்கோ நடனப் பகுதியில் இருந்தே தொடங்கலாம். கோழிகள் முட்டையிடுகின்றன என்று ரிக்கியை நம்பவைக்க, கடையில் வாங்கிய முட்டைகளை லூசி சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுபோகிறாள். அந்த நேரம் பார்த்து ரிக்கி நடன ஒத்திகைக்கு அழைக்கிறான். நடனத்தின் கடைசி அசைவு நெஞ்சோடு நெஞ்சு மோதுவது என்பது நமக்குத் தெரியும். ஒத்திகைகளில் உண்மையான முட்டை வைக்கவில்லை. சட்டைக்குள் முட்டை உடைவது எப்படி இருக்கும் என்பதை லூசில் பால் அன்றைக்குத்தான், 300 பேர் முன்னிலையில்தான் அறிந்தார். அந்தச் சிரிப்பு 65 விநாடி நீடித்ததாகவும், எடிட்டிங்கில் அதைக் குறைக்க வேண்டியிருந்ததாகவும் சொல்வார்கள். மோதிய பிறகு அவர் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. கையை உடம்பை விட்டுச் சற்றே விலக்கி, வழிவது வழியட்டும் என்று அப்படியே நிற்கிறார்.

கட்டுரையின் அடுத்த பாகத்திலாவது சிரிப்பொலி பற்றிய அந்த வரியைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்